ஆயில் பேஸ்டலுக்கு எதை வாங்குவது, எதைத் தள்ளிவைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயில் பேஸ்டல் கையில் எடுத்தவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. எந்தப் பெட்டி, எந்த பேப்பர், நிறம் ஏன் சேறாகிறது, படம் எப்போது காயும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஆயில் பேஸ்டலும் கிரேயானும் ஒன்றுதானே? பெயர்தான் வேறா?

இல்லை. கிரேயானில் மெழுகுதான் பிரதானம். அதனால் கடினமாக இருக்கும், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஆயில் பேஸ்டலில் நிறமி, மெழுகு இவற்றோடு காயாத கனிம எண்ணெயும் சேர்கிறது. அந்த எண்ணெய்தான் குச்சியை மென்மையாக்கி, ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு காகிதத்தின் மேலேயே குழையும்படி செய்கிறது. ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் கிரே-பாஸ் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது, கிரேயானின் சுத்தமும் பேஸ்டலின் நிறச் செழுமையும் ஒரே குச்சியில் வேண்டும் என்பதற்காக.

'காயாத' என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் பதில்.

பேஸ்டல் என்று கேட்டால் கடையில் மூன்று விதம் எடுத்துப் போடுகிறார்கள். எது எது?

தொட்டால் தூள் கொட்டுவது சாஃப்ட் பேஸ்டல், சாக் பேஸ்டல் என்றும் சொல்வார்கள். அதில் எண்ணெய் கிடையாது. பிசுபிசுப்பாக, தூளில்லாமல் இருப்பது ஆயில் பேஸ்டல். மூன்றாவது ஆயில் ஸ்டிக் அல்லது ஆயில் பார், பருமனாக இருக்கும். அது உண்மையில் குச்சி வடிவில் இருக்கும் ஆயில் பெயின்ட். அதில் இருப்பது காயக்கூடிய ஆளி விதை எண்ணெய், ஆகவே சில நாளில் மேலே தோல் கட்டிக் காய்ந்துவிடும்.

மூன்றுக்கும் காகிதம், ஃபிக்ஸேட்டிவ் (படம் கலையாமல் இருக்க மேலே அடிக்கும் ஸ்ப்ரே) எல்லாமே வேறு. வீடியோ பார்த்து வரைய உட்காரும் முன், அதில் வரைகிறவர் கையில் இருப்பது எது என்று பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

12, 24, 48 என்று பெட்டிகள் இருக்கின்றன. எத்தனை கலர் வாங்குவது?

24 போதும், கூடவே தனியாக இரண்டு வெள்ளைக் குச்சி. வாட்டர்கலரில் ஆறு நிறத்தை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம், ஏனென்றால் தட்டில் கலந்துகொள்ளலாம். இங்கே கலப்பது காகிதத்தின் மேலே நடக்கிறது. ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு அடுக்கு செலவாகிறது, காகிதம் தாங்கும் அடுக்குகளோ கொஞ்சம்தான். அதனால் 12 நிறப் பெட்டியில் ஒரு சாதாரண மங்கிய பச்சைக்கே மூன்று அடுக்கு போட வேண்டியிருக்கும்.

அதற்காக 48 என்று எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். மலிவான பெரிய பெட்டிகளில் ஃப்ளோரசன்ட் பிங்க், தங்கம், வெள்ளி என்று இடத்தை நிரப்பி வைத்திருப்பார்கள். பெட்டியைத் திறந்து காவி மஞ்சள், அடர் பழுப்பு, ஒரு நல்ல சாம்பல், பளிச்சென்று இல்லாத ஒரு பச்சை, ஒரு அடர் நீலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்கலாம்.

ஸ்டூடன்ட் கிரேடு, ஆர்ட்டிஸ்ட் கிரேடு என்கிறார்களே, நிஜமாகவே வித்தியாசம் தெரியுமா, இல்லை பேருக்குத்தானா?

தெரியும், முதல் கோட்டிலேயே தெரியும். மாணவர் தரத்தில் நிறமி குறைவு, சுண்ணாம்பு போன்ற நிரப்புத் தூள் அதிகம், மெழுகும் தூக்கலாக இருக்கும். கறுப்புக் காகிதத்தில் ஒரு மஞ்சள் கோடு போட்டுப் பாருங்கள், மாணவர் தரக் குச்சி கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டும், நல்ல குச்சி மூடிவிடும்.

பிராண்டு என்று பார்த்தால் பென்டெல், கேமல் போன்றவை கடினமான பக்கம். மங்யோ கேலரியின் சாஃப்ட் வரிசை நடுவிலிருந்து மென்மைக்குப் போகும், செலவுக்குத் தகுந்த பலன் என்றால் என் ஓட்டு அதற்குத்தான். காரன் டாஷின் நியோபேஸ்டல் வழவழவென்று ஓடும், ஆனாலும் கோடு கட்டுக்குள் நிற்கும். செனலியே எல்லாவற்றிலும் மென்மை, லிப்ஸ்டிக் போலப் பூசிக்கொண்டு போகும். 1949-இல் பிக்காசோவுக்காக அவருடைய ஓவிய நண்பர் ஹென்றி கோட்ஸ் கேட்டுக்கொண்டதால், எந்தப் பரப்பிலும் வரையும்படி செனலியே உருவாக்கிய குச்சி அது.

அப்படியென்றால் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுக்க செனலியே வாங்கிவிடலாமா?

வேண்டாம், பழையதை வைத்திருங்கள். அடியில் கடினமான குச்சி, மேலே மென்மையானது, இதுதான் வரிசை. கடினக் குச்சி காகிதத்தின் குழிகளை அவ்வளவு சீக்கிரம் நிரப்பாது, ஆகவே அடித்தளம் போட அதுதான் வசதி. மென்மையானதை முதலில் போட்டுவிட்டு மேலே கடினமானதைத் தேய்த்தால் அது நிறம் போடாது, கீழே இருப்பதைச் சுரண்டி எடுக்கும்.

வெறும் மென்மையான குச்சிகளை மட்டும் வைத்து வரைகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு மெல்லிய கோடு போடுவது பெரிய தலைவலி. மாணவர் தரப் பெட்டி ஒன்று, உதிரியாக நல்ல தரத்தில் ஐந்தாறு குச்சி: வெள்ளை, வெளிர் மஞ்சள், ஒரு ஆரஞ்சு, ஒரு நீலம், அப்புறம் நீங்கள் அடிக்கடி வரையும் பொருளுக்கான நிறம். கையில் குறைவான பணம் இருப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். மிச்சம் இருப்பதைக் காகிதத்தில் போடுங்கள்.

பேப்பர் அவ்வளவு முக்கியமா? ஏ4 தாளில் வரைந்தால் என்ன?

குச்சியை விடவும் முக்கியம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆயில் பேஸ்டல் காகிதத்துக்குள் ஊறிப்போய் நிற்பதில்லை, காகிதத்தின் சொரசொரப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பிரின்டர் தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு), மேற்பரப்பும் வழவழப்பு. ஒரு அடுக்கு போட்டதும் பிடிக்க இடமில்லாமல் இரண்டாவது வழுக்கும், அழுத்தினால் தாள் சுருங்கும், எண்ணெய் பின்பக்கம் கறையாகத் தெரியும். நல்ல குச்சி வாங்கி மோசமான தாளில் வரைவதை விட, சுமாரான குச்சியை நல்ல தாளில் போடுவதே மேல்.

குறைந்தது 160 ஜிஎஸ்எம் எடுங்கள், தேய்த்துக் குழைக்கும் ஆளாக இருந்தால் 200-க்கு மேல். கான்சன் மி-டான்ட் மாதிரியான பேஸ்டல் காகிதம் 160 ஜிஎஸ்எம்தான், ஆனாலும் உறுதியாக இருக்கும். அதில் ஒரு பக்கம் தேன்கூடு மாதிரி குழிகள், மறுபக்கம் மென்மை. முகம், தோல் போன்றவற்றுக்கு மென்மையான பக்கத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கன்னமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். 300 ஜிஎஸ்எம் கோல்ட் பிரஸ், அதாவது லேசான சொரசொரப்புள்ள, வாட்டர்கலர் காகிதமும் நன்றாக வேலை செய்யும். உப்புத்தாள் போன்ற சேண்டட் பேப்பர் நிறைய அடுக்கு தாங்கும், ஆனால் குச்சியைத் தின்றுவிடும், அதில் விரலால் தேய்த்தால் தோலும் போகும்.

எதை வாங்கினாலும் 'ஆசிட் ஃப்ரீ' (அமிலம் இல்லாதது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சார்ட் பேப்பர் பழகுவதற்குச் சரி, வைத்திருக்க வேண்டிய படத்துக்குச் சரியில்லை, மஞ்சளாகிவிடும்.

கலர் பேப்பரில் வரைகிறார்களே, அது ஸ்டைலுக்காகவா?

ஸ்டைலும்தான், வேலை மிச்சமும்தான். வெள்ளைத் தாளில் குச்சி படாத குழிகள் எல்லாம் வெள்ளைப் புள்ளியாகப் பளிச்சிடும், அதை மறைப்பதற்கே ஒரு அடுக்கு வீணாகும். சாம்பல், மங்கிய பழுப்பு, அடர் நீலம் போன்ற தாளில் அந்தக் குழிகளே படத்தின் நிழலாகிவிடும். இரவுக் காட்சி, விளக்கு வெளிச்சம் வரைய கறுப்புத் தாள் அருமை, ஆனால் மேலே சொன்ன மாதிரி குச்சி நிறமி நிறைந்ததாக இருக்க வேண்டும்.

கலர் எல்லாம் சேறு மாதிரி ஆகிவிடுகிறது. குச்சி மோசமா?

பெரும்பாலும் குச்சியில் தப்பில்லை. மஞ்சளை நீலத்தின் மேல் தேய்க்கிறீர்கள், மஞ்சளின் முனையில் நீலம் ஒட்டிக்கொள்கிறது, அதை அப்படியே அடுத்த இடத்துக்குக் கொண்டு போகிறீர்கள். ஒவ்வொரு இரண்டு மூன்று தேய்ப்புக்கும் முனையை டிஷ்யூவில் துடையுங்கள். வெளிர் நிறங்களை முதலில் போட்டு அடர் நிறத்துக்குப் போவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். எதிரெதிர் நிறங்கள் மூன்று ஒரே இடத்தில் சேர்ந்தால் எந்த பிராண்டாக இருந்தாலும் சேறுதான்.

பெட்டியில் வரும் வெள்ளை எதன் மேலும் ஏறவே மாட்டேன் என்கிறது, ஏன்?

அது நிறம் போடுவதற்கு வந்த வெள்ளை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், குழைப்பதற்கு வந்தது. நிறமி குறைந்த, மெழுகு தூக்கலான வெள்ளை அடியில் இருக்கும் நிறங்களைக் கலந்து மங்கலாக்குமே தவிர மூடாது. அந்த வேலைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், நன்றாகவே செய்யும். கண்ணில் ஒளிப்புள்ளி, அலையில் நுரை, இவற்றுக்குத் தனியாக ஒரு மென்மையான உயர்தர வெள்ளை வாங்குங்கள். அதைத் தேய்க்காமல், ஒரே அழுத்தாக வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 24 நிறப் பெட்டியோடு தனியாக வெள்ளை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பிளெண்ட் செய்ய எது நல்லது? விரலா, பேப்பர் ஸ்டம்ப்பா, பட்ஸா?

விரல். சூடு இருக்கிறது, மெழுகு இளகுகிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் உடனே தெரிகிறது. சின்ன இடங்களுக்கு மட்டும் வேறு சாமான் தேவைப்படும். பேப்பர் ஸ்டம்ப், அதாவது காகிதத்தை இறுக்கிச் சுருட்டிய குச்சி, நிறத்தை உறிஞ்சிக்கொள்ளும், நிறத்துக்கு ஒன்று வேண்டும், அழுக்கான முனையை உரித்துவிடலாம். பட்ஸ் கொஞ்ச நேரத்தில் பிரிந்து பஞ்சு படத்தில் ஒட்டும். சிலிக்கான் முனை வைத்த பிரஷ் மாதிரி ஒன்று கிடைக்கிறது, அது உறிஞ்சாது, துடைத்தால் சுத்தம். ஏதாவது ஒன்று வாங்குவதென்றால் அதை வாங்குங்கள்.

வானம் போன்ற பெரிய பரப்புக்கு மடித்த டிஷ்யூ போதும். இன்னொரு விஷயம், எல்லாவற்றையும் குழைத்து வழுவழுவென்று ஆக்கிவிட்டால் படம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். குச்சியின் தடம் அங்கங்கே தெரிவதுதான் இந்த ஊடகத்தின் அழகு என்பது என் கட்சி.

பேபி ஆயில், டர்பன்டைன் எல்லாம் போடலாமா? லின்சீட் ஆயில்?

பேபி ஆயில் பெரும்பாலும் வாசனை சேர்த்த கனிம எண்ணெய்தான், குச்சியில் இருப்பதும் அதே இனம். பட்ஸில் ஒரு துளி தொட்டுத் தேய்த்தால் நிறம் பெயின்ட் போலப் பரவும். கூடினால் காகிதத்தில் எண்ணெய் வட்டம் விழும், படம் இன்னும் பிசுபிசுப்பாகும். டர்பன்டைன் அல்லது வாசனையில்லாத தின்னர் ஆவியாகிவிடுவதால் முதல் அடுக்கை மெல்லிய, நீர்த்த பூச்சாகப் பரப்ப அதுதான் சரியான பொருள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கனமான காகிதத்தில். பிள்ளைகள் இருக்கும் அறையில் வேண்டாம்.

லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய், வேண்டவே வேண்டாம். அது காற்றோடு வினைபுரிந்து காயும் எண்ணெய், வெறும் காகிதத்தில் பட்டால் நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும்.

ஸ்கெட்ச் போட எந்த பென்சில்? வெளிர் கலரில் கறுப்பு இழுபடுகிறது.

கிராஃபைட் தூள் எண்ணெயில் கலந்து இழுபடுகிறது, குறிப்பாக மஞ்சளிலும் தோல் நிறத்திலும். 2பி, 4பி மாதிரி மென்மையான பென்சில்கள் வேண்டாம். வெளிர் நிற கலர் பென்சிலோ, பெட்டியில் இருக்கும் கடினமான வெளிர் பேஸ்டலின் ஓரமோ எடுத்துக் கோடு போடுங்கள், அது படத்துக்குள் கரைந்துபோய்விடும்.

கண் இமை, முடி, இலை நரம்பு இதெல்லாம் எப்படி? குச்சி பருமனாக இருக்கிறதே!

முதல் வழி, படத்தைப் பெரிதாக்குங்கள். ஏ5 அளவில் ஒரு முழு முகத்தை வரைந்துவிட்டுக் குச்சியைத் திட்டுவதில் நியாயமில்லை. இரண்டாவது, குச்சியை பிளேடால் வெட்டி ஒரு கூர் ஓரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஹோல்பைன் பிராண்டு குச்சிகள் சதுரமாகவே வருவதால் ஓரம் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்றாவது, போடுவதற்குப் பதிலாகச் சுரண்டுங்கள். அடியில் வெளிர், மேலே அடர்த்தி, அப்புறம் பல்குச்சியால் கீறினால் முடி மாதிரி மெல்லிய கோடு வரும். நான்காவதும் உண்டு: மென்மையான குச்சியிலிருந்து ஒரு துணுக்கை பேலட் கத்தி முனையில் எடுத்து இடத்தில் வைப்பது. ஒளிப்புள்ளிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

கலர் பென்சில் மேலே ஏறாது. மார்க்கர் பேனாவை வைத்தால் முனை அடைத்துப் பேனாதான் பாழ்.

வாட்டர்கலர், அக்ரிலிக்கோடு சேர்த்து வரையலாமா?

அடியில் தாராளமாக, மேலே கூடாது. வாட்டர்கலரிலோ மெல்லிய அக்ரிலிக்கிலோ முதலில் நிறம் பூசி, நன்றாகக் காய்ந்த பிறகு பேஸ்டல் போட்டால் வெள்ளைக் குழித் தொல்லை போய்விடும், அதுவும் கலர் பேப்பர் மாதிரிதான். பேஸ்டலின் மேல் தண்ணீர் நிறம் நிற்காமல் உருண்டோடும். அதையே வித்தையாகவும் பயன்படுத்தலாம்: வெள்ளை பேஸ்டலால் மழைக்கோடு போட்டு மேலே நீல வாட்டர்கலரை ஓட விட்டால் கோடு அப்படியே தெரியும். காயாத அடித்தளத்தின் மேல் அக்ரிலிக்கோ ஆயில் பெயின்டோ பூசினால் இன்று நன்றாக இருக்கும், பின்னால் உரியும்.

கேன்வாஸில், மரப்பலகையில் போடலாமா?

போடலாம். ஜெஸ்ஸோ (வரையும் முன் அடியில் பூசும் ப்ரைமர்) பூசிய பலகை நல்ல பரப்பு, அழுத்தினாலும் வளையாது. கேன்வாஸ் துள்ளும், அதனால் பின்னால் ஒரு அட்டை வைத்து வரையுங்கள். நிறமில்லாத ஜெஸ்ஸோவில் மணல்போல் நொய் கலந்திருக்கும், அதைக் கனமான சாதாரணத் தாளில் ஒரு கை பூசிக் காயவிட்டால் வீட்டிலேயே சொரசொரப்பான பேஸ்டல் காகிதம் தயார்.

வரைந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் கையில் ஒட்டுகிறது. எப்போது காயும்?

காயாது. முதல் பதிலில் சொன்ன கனிம எண்ணெய்தான் காரணம். மேற்பரப்பு கொஞ்சம் இறுகும், அவ்வளவுதான். சார்கோலுக்கும் (கரித்துண்டு) சாக் பேஸ்டலுக்கும் விற்கும் ஃபிக்ஸேட்டிவ் இதற்குப் பெரிதாக உதவாது, தூளைப் பிடிப்பது அதன் வேலை, இங்கே தூளே இல்லை. ஆயில் பேஸ்டலுக்கென்றே செனலியே ஒன்று தயாரிக்கிறது, அது மேலே மெல்லிய படலம் போடும், உரசலைத் தாங்கும், ஆனால் நகத்தால் கீறினால் தாங்காது. அதையும் முதலில் ஒரு துண்டுத் தாளில் அடித்துப் பாருங்கள். ஹேர் ஸ்ப்ரே யோசனையை மறந்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் குச்சி வழிகிறது, உடைகிறது. என்ன செய்வது?

கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள், இறுகிவிடும். வரையும்போது உறையை முழுதாக உரிக்காதீர்கள், கைச்சூடு நேரே படும். உடைந்தால் கவலையே வேண்டாம், உடைந்த துண்டின் ஓரம்தான் மெல்லிய கோட்டுக்கு வசதி. குளிரில் எதிர்ப் பிரச்சினை வரும், குச்சி பிடிவாதமாகும், உள்ளங்கையில் ஒரு நிமிடம் வைத்தால் சரி.

குழந்தைகளுக்கு ஆர்ட்டிஸ்ட் கிரேடு வாங்கித் தரலாமா?

தேவையில்லை. சில உயர்தர நிறங்களில் கன உலோக நிறமிகள் இருக்கலாம், வாயில் வைக்கும் வயதுக்கு அது ஆகாது. நச்சற்றது என்று சான்று முத்திரை உள்ள மாணவர் தரப் பெட்டியும் தடிமனான தாளும் போதும். நல்லதாக ஏதாவது வாங்கித் தர ஆசை என்றால் தாளை நல்லதாக வாங்குங்கள். நீங்கள் விரலால் குழைக்கிறவராக இருந்தால் சாப்பிடும் முன் கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் போகாது.

நிறம் வெளுத்துப் போகுமா? வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள முடியுமா?

சில நிறங்கள் வெளுக்கும். ஃப்ளோரசன்ட் பிங்க், ஆரஞ்சு முதலில் போகும், பல மலிவான ஊதாக்களும் தாக்குப்பிடிக்காது. காவி, பழுப்பு போன்ற மண் நிறங்களும் கறுப்பும் வெள்ளையும் உறுதி. உயர்தர வரிசைகளில் ஒளி தாங்கும் திறனை நிற அட்டவணையில் நட்சத்திரக் குறியிட்டுக் காட்டுவார்கள். குறியே இல்லாத பெட்டியென்றால் நீங்களே பார்க்கலாம்: எல்லா நிறத்தையும் ஒரு தாளில் பட்டையாகப் போட்டு, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் வரும் ஜன்னலில் இரண்டு மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். மூடியதற்கும் மூடாததற்கும் வித்தியாசம் தெரியும் நிறங்களை விற்பனைக்கான படத்தில் போடாதீர்கள்.

ஒருவர் படம் வாங்கக் கேட்டிருக்கிறார். ஒட்டுகிற படத்தை எப்படிக் கொடுத்து அனுப்புவது, எப்படி ஃபிரேம் போடுவது?

அனுப்புவதற்குப் படத்தின் மேல் கிளாசின் தாள் வையுங்கள், வழவழப்பான மெல்லிய தாள், எண்ணெய் அதில் எளிதில் ஒட்டாது. கிடைக்காவிட்டால் பட்டர் பேப்பர் தற்காலிகத்துக்குச் சரி, நியூஸ் பேப்பர் கூடாது. அதன் மேல் விறைப்பான அட்டை வைத்து, நகராமல் நான்கு ஓரமும் ஒட்டுங்கள். சுருட்டி அனுப்பினால் கனமான அடுக்குகள் வெடிக்கும், அதனால் தட்டையாகவே போகட்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் படத்தை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

ஃபிரேமில் கண்ணாடி கட்டாயம், இல்லாவிட்டால் தூசி போய் ஒட்டிக்கொள்ளும், அதைத் துடைக்கவும் முடியாது. ஆனால் கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நடுவில் தடித்த மவுன்ட் அட்டையோ ஸ்பேசர் பட்டையோ வைக்கச் சொல்லுங்கள், கட்டியாக வைத்த வெள்ளைப் புள்ளிகள் எவ்வளவு உயரம் என்று பார்த்து அதற்கு மேல் இடைவெளி வேண்டும். வரையும்போதே நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி ஓரத்தைக் காலியாக விட்டிருந்தால் ஃபிரேம் போடுகிறவர் பிடிப்பதற்கு இடம் இருக்கும். டேப்பைப் படத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாக உரியுங்கள். வாங்குகிறவரிடம் இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: இது காயாத படம், நேர் வெயிலோ அடுப்புச் சூடோ படும் சுவரில் மாட்டக் கூடாது.